கம்ப்ரசர் அண்ணனுக்கு டாங்கிப் படையில் ஓர் இடம்

இது நடந்த கதை. ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது என்று சத்தியம் செய்துதான் ஆரம்பித்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஓனரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"போன வாரம் சொன்ன கதையில ஒரு ஃப்ரிட்ஜை ஒத்தக் கையால மூணு மாடி தூக்கிட்டுப் போனியே, அந்த மாதிரி நடந்த கதையா?"

"ரெண்டு மாடிதாம்மா."

"லிஃப்ட்ல."

சரி, ஒப்புக்கொள்கிறேன். முக்கால்வாசி நிஜம், கால்வாசி என் கைச்சரக்கு. எது எந்த வாசி என்று கேட்காதீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கே கலந்துபோய்விட்டது.

அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். ஓனரம்மா ஒன்று. அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் இன்னொன்று. கதாநாயகனின் பெண்டாட்டிக்குத் தம்பி, ஆக மச்சினர். மூன்றாவது, பக்கத்துக் கடையில் லேப்டாப் பழுது பார்க்கிற பெண்மணி. வருகிறவர்களை எல்லாம் அதட்டியே அனுப்புவதால் தெருவுக்கே அவர் டீச்சர். கதாநாயகன் மட்டும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஆள் இல்லாதபோதுதானே ஆளைப் பற்றிப் பேச வசதி.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பட்டப்பெயர் கம்ப்ரசர் அண்ணன். காரணம் அவர் சிரிப்பு. முதலில் உடம்பு ஓர் உதறு உதறும், பிறகு உறுமல், நிற்கும்போது மறுபடி ஓர் உதறல். அவர் சிரித்தால் அலமாரியில் டம்ளர்கள் இடம் மாறி உட்காரும். அவர் பழுது பார்ப்பார், நான் தூக்குவேன். அதுதான் எங்கள் பங்காளித்தனம். முப்பது வருடத் தொழில். ஃப்ரிட்ஜில் காதை வைத்தால் போதும். என்ன வியாதி, எத்தனை நாள் தாங்கும், அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை சொல்லிவிடுவார். கடைசி விஷயம் மட்டும் கைச்சரக்கு.

இப்படிப்பட்ட மனிதர் கரண்டை நம்பமாட்டார். தொழிலுக்கு வந்த முதல் மாதம், ஒரே தெருவில் மூன்று ஃப்ரிட்ஜ்களைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலை வோல்டேஜ் எகிறி மூன்றும் புகைந்துபோயின. தெருவே கூடி, கரண்டை விட்டுவிட்டு இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பார்க்கிற மாதிரிதான் ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பார். யாரைப் பார்த்தாலும் "நல்லா இருக்கீங்களா" என்பதற்குப் பதில் "பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா" என்பார். மிக்ஸி நின்ற அடுத்த நொடி அண்ணி பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். போன் சார்ஜ் ஏறி முடிகிறவரை பக்கத்திலேயே நின்று காவல் காப்பார், ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி.

"அந்த வீட்டுக்குப் பன்னெண்டு பிளக் பாயிண்ட் போட்டுக் குடுத்தேன்," என்றார் மச்சினர். "பதினொண்ணு பட்டினி."

பன்னிரண்டாவதில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. அதுவும் நேரடியாக இல்லை. நடுவில், சுவரில், வோல்டேஜ் எகிறாமல் காக்க ஒரு ஸ்டெபிலைசர். அதை மாட்ட நான்தான் தூக்கிப் பிடித்தேன். அன்றைக்கு இறங்கிய தோள் இன்னும் ஏறவில்லை.

இவருக்கு ஒரே மகள். படிக்க வேறு ஊருக்குப் போய் ஹாஸ்டலில் இருக்கிறாள். போனில் அப்பாவும் மகளும் பேசுவது மொத்தம் பதினோரு விநாடி.

"சாப்ட்டியா?"

"ம்."

"படிக்கிறியா?"

"ம்."

"இந்தா, அம்மாகிட்ட பேசு."

இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மகள், லீவில் வந்தபோது தன் பழைய லேப்டாப்பை அப்பாவிடம் கொடுத்து ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். கட்சிக்கு நாலு பேர், ஆளுக்கொரு டாங்கி. எதிர்க்கட்சியின் நாலு டாங்கியையும் உடைக்க வேண்டும். மகளும் ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேரும் அங்கிருந்து, அப்பா இங்கிருந்து. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே பேசலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிநேரம் வீடே போர்க்களம். குண்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் மகள் மனசில் இருப்பதெல்லாம் வெளியே வரும்.

"அப்பா என் பின்னாடியே வாங்க, நான் ஒரு பேப்பர்ல ஃபெயில்பா, இடது பக்கம் சுடுங்க!"

நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் நடுவில் உள்ள வார்த்தை ஆயுசுக்கும் வந்திருக்காது. அண்ணனும் இடது பக்கம் சுட்டுவிட்டு, "பரவால்ல, திரும்ப எழுதிக்கலாம்," என்றார். அதோடு முடிந்தது. அண்ணி உள்ளே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை நினைப்புதான்.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அந்த விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆட்டத்தைப் புதுப்பித்தார்கள். படம் அழகானது, கூடவே கனத்தும்போனது. அண்ணனுடைய லேப்டாப்பில் டாங்கி ஓடவில்லை, தவளை மாதிரி தாவியது. எதிரி தூரத்தில் மரத்தடியில் இருப்பான். இவர் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினால் மூக்குக்கு நேராக இருப்பான். தன் டாங்கி சுவரில் முட்டிக்கொண்ட சேதி இவருக்கு வந்து சேர்வதற்குள் எதிரிகள் சுட்டு முடித்து, பாத்திரம் கழுவி, தூங்கப் போயிருப்பார்கள்.

மகள் மூன்று வாரம் பொறுத்தாள். நாலாவது வாரம் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அடுத்த ஞாயிறு எங்க காலேஜ் போட்டி. வீட்டாளுங்களையும் சேத்துக்கலாம். அதுக்குள்ள உங்க லேப்டாப்ல படம் ஓட்டுற கிராபிக்ஸ் சரியாகலேன்னா, இந்த ஒரு போட்டிக்கு மட்டும் மாமாவைப் போட்டுக்கறேன்."

மாமா யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவர் புதிதாக வாங்கிய லேப்டாப்பின் கீபோர்டில் எழுத்துக்கு எழுத்து சிவப்பு விளக்கு எரியும்.

"நான் ஒண்ணும் கேக்கல. அவளாத்தான் சொன்னா," என்றார் மச்சினர்.

"சொன்னப்ப உங்க மூஞ்சிலயும் அந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சுதுண்ணே. நான் பாத்தேன்," என்றேன்.

ஒரு போட்டிக்கு மட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் அண்ணன் தொழிலில் பழுத்தவர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று 'ரெண்டே நாளைக்கு' பக்கத்து வீட்டில் பாலை வைத்தவர்கள் எத்தனை பேர் புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இடம் போனால் போனதுதான். பிறகு மறுபடி அந்தப் பதினோரு விநாடி.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் குளிர்ச்சி. திங்கட்கிழமையே லேப்டாப்பின் முதுகைக் கழற்றினார். உள்ளே ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசி. சுத்தமாக எடுத்தார். சிப்புகள்மேல் காய்ந்துகிடந்த பசையைச் சுரண்டிவிட்டு, பேன் பார்க்கிற பொறுமையோடு புதுப் பசை வைத்தார். மூடினார். ஃபேன் சத்தம் பாதியாகிவிட்டது. தவளை மட்டும் தாவிக்கொண்டே இருந்தது.

மச்சினர் யோசனை சொன்னார்: "ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு ஆடுங்க அத்தான். கதவுல ஓட்டை போட்டு வயரை வெளிய இழுத்துக்கலாம்."

"உள்ள தண்ணி கோத்துக்கும்டா மண்டு. ஊருக்கே இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். நீ பல்பு மாட்டுற வேலையைப் பாரு."

ஆக, சூடு இல்லை. அப்படியானால் சின்னக் கம்ப்ரசர் பெரிய ஃப்ரிட்ஜை இழுக்கிற கோளாறு. சின்னதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட வேண்டியதுதான். புதன்கிழமை லேப்டாப்பை ஒரு கையிலும், குழாய் பத்தவைக்கிற கேஸ் டார்ச்சை ஒரு பையிலும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டீச்சர் கடைக்குப் போனார்.

"டீச்சரம்மா, இதுல கிராபிக்ஸைக் கழட்டிட்டு ஒரு சைஸ் பெருசா போடுங்க."

"கழட்ட முடியாதுண்ணே. மேஜைக் கம்ப்யூட்டரா இருந்தா கார்டைப் பிடுங்கி வேற சொருகலாம். லேப்டாப்ல சிப்பு போர்டோட போர்டா பத்தவச்சே வருது."

"பத்தவச்சதுதானே? பத்தவச்சதைப் பிரிச்சு எடுக்கறதுதானம்மா என் பொழப்பே."

டார்ச்சை வெளியே எடுத்து, பற்றவைக்க லைட்டரும் தேடினார். டீச்சர் லேப்டாப்பை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் ஓடினார்.

"ஓடல," என்று கதைக்குக் குறுக்கே வந்தார் டீச்சர். "நடந்தேன்."

"செருப்பு இந்தப் பக்கமே கெடந்துச்சே டீச்சர்?"

அன்றைக்கு டார்ச்சை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு டீச்சர் பாடம் நடத்தினார். வெளியே ஒரு பெட்டி வைத்து, அதில் பெரிய கார்டு போட்டு, கேபிளில் இணைக்கிற வித்தை இருக்கிறதாம். இந்த மாடலில் அதற்கான துளை இல்லை. ரேம் ஒற்றையாக இருக்கிறது, ஜோடி போட்டால் கொஞ்சம் சுறுசுறுப்பு வரும். அண்ணன் சரி என்றார். டீச்சர் ஜோடி போட்டு, தன் மேஜையிலேயே ஆட்டத்தை ஓடவிட்டு, ஓரத்தில் ஓடுகிற எண்ணைக் காட்டினார்.

"பாருங்க, நொடிக்கு எழுபது படம். அறுபது இருந்தாலே வழுக்கிட்டுப் போகும். வீட்ல எத்தனை காட்டுச்சு?"

"பன்னெண்டு."

"இப்ப எழுபது. போய் ஆடுங்க."

அண்ணன் சிரித்தார். மேஜையிலிருந்த திருகாணிகள் எல்லாம் உருண்டு கீழே போயின. வீட்டுக்குப் போய் ஆட்டத்தைத் திறந்தார். பதிமூன்று.

மறுநாள் மறுபடி கடை. எழுபது. மறுபடி வீடு. பதிமூன்று. வெள்ளிக்கிழமைக்குள் அந்த லேப்டாப் கடைக்கும் வீட்டுக்கும் நடந்த நடைக்குச் சக்கரம் முளைத்திருக்கும். டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"இங்க நல்லாத்தானே ஓடுது? வீட்ல கொண்டுபோய் அப்படி என்னதான் பண்றீங்க?"

எனக்குப் புரையேறிவிட்டது. அது அண்ணனுடைய சொந்த வசனம். பட்டறையில் பனிமலை கட்டுகிற ஃப்ரிட்ஜ் வீட்டுக்குப் போனதும் கட்டாது. போய்ப் பார்த்தால் கொதிக்கிற பாத்திரத்தை உள்ளே தள்ளி, மூடாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். "வீட்ல என்னதான் பண்றீங்க?" என்று அண்ணன் கத்துவார். அவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

அண்ணன் டீச்சரைப் பார்த்து அதே பதிலைச் சொன்னார்: "நான் ஒண்ணுமே பண்ணலம்மா."

சனிக்கிழமை காலை டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நான் இருக்கறதையே மறந்துடுங்க. எப்பவும் போல ஆடுங்க," என்றார்.

அண்ணன் எப்பவும் போல ஆரம்பித்தார். சார்ஜ் நூறு ஆகிவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தார். ஸ்விட்சை அணைத்தார். சுவரில் ஒரு காலை ஊன்றி, கிணற்றில் விழுந்தவனை இழுக்கிற மாதிரி பிளக்கை இழுத்தார். வயரைச் சுருட்டினார், ரப்பர் போட்டார், அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு வந்து உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தார்.

"நிறுத்துங்க! இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

"அந்த வயரு?"

"ஓ, அதுவா? அது பாதுகாப்பும்மா."

டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, வயரைப் பிடுங்கிட்டா இது பேட்டரில ஓடும். பேட்டரி தீந்துடுமோன்னு பயந்து கிராபிக்ஸுக்கு அரை வயித்துச் சாப்பாடுதான் போடும். வயர்ல இருந்தாத்தான் முழுச் சாப்பாடு. என் மேஜையில வயரைச் சொருகித்தான் ஓட்டினேன். கோளாறு லேப்டாப்புல இல்ல. பிளக்கைப் பிடுங்கினதுதான் கோளாறு."

சமையலறையிலிருந்து அண்ணி கரண்டியோடு வந்தார். இருபத்திரண்டு வருடமாக மிக்ஸிக்குப் பிளக் பிடுங்கிய கை அது.

"டீச்சர், கடைசியா சொன்னதை இன்னொரு தரம் சொல்லு. மெதுவா சொல்லு."

டீச்சர் மெதுவாகவே சொன்னார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். எழுந்திருக்க மத்தியானமாகிவிட்டது.

ஆனால் அண்ணன் மசியவில்லை. "ஆட்டத்து நடுவுல வோல்டேஜ் எகிறினா? இந்தப் பதிமூணு படமாவது மிஞ்சுது. புகைஞ்சுபோச்சுன்னா?" டீச்சர் சார்ஜரைக் காட்டி, அதற்குள்ளேயே காவல் இருக்கிறது என்று விளக்கினார். மூன்று ஃப்ரிட்ஜ் புகைந்ததை மூக்கால் பார்த்தவரிடம் விளக்கம் செல்லுமா?

சாயங்காலம் மச்சினர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, குரலில் தேனைக் குழைத்துச் சொன்னார்: "அத்தான் சொல்றதுதான் கரெக்ட். கரண்டை நம்பவே கூடாது. எதுக்கு வம்பு? நாளைக்கு ஒருநாள் நான் ஆடிடறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மச்சினன் ஒரு தடவைகூட 'அத்தான் சொல்றது கரெக்ட்' என்று சொன்னதில்லை. தான் எங்கேயோ தப்பு செய்கிறோம் என்று டீச்சர் சொல்லிப் புரியாதது அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜை முன்னால் நகர்த்தச் சொன்னார். ஸ்டெபிலைசரைச் சுவரிலிருந்து கழற்ற நேரமில்லை. அதனால் லேப்டாப் அதைத் தேடிப் போயிற்று. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்தில், அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கவிழ்த்த கூடைமேல் லேப்டாப். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் முதுகைத் தட்டி, "ரெண்டு மணிநேரம் பொறுத்துக்கடா," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப் வயரை ஸ்டெபிலைசரில் சொருகினார். ஒரு கண்ணைத் திறந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். புகை இல்லை.

எழுபத்திரண்டு படம்.

ஆட்டம் ஆரம்பித்தது. எனக்கு ஹெட்போனுக்கு வெளியிலேயே மகள் குரல் கேட்டது.

"அப்பா, படம் எப்படி ஓடுது?"

"பாப்பா, இதுல புல்லெல்லாம் இருக்கும்மா!"

"எப்பவும் இருந்துச்சுப்பா."

"காத்துல ஆடுது பாப்பா! மேலே மேகம் வேற போகுது!"

"அப்பா சுடுங்கப்பா! சுடுங்க!"

சுட்டார். தவளைப் படத்தில் பழகிய கை. எதிரி எங்கே இருக்கிறானோ அங்கே சுடாது, அடுத்து எங்கே தாவி விழுவானோ அங்கேதான் சுடும். இப்போது யாரும் தாவவில்லை. ஒரு குண்டு புல்லில், ஒரு குண்டு மேகத்தில். நாற்பதாவது விநாடியில் அண்ணன் அவுட். மகள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, ஃப்ரிட்ஜே நடுங்கியிருக்கும், பிளக் இருந்திருந்தால்.

செத்தவர்கள் ஆட்டம் முடிகிறவரை வேடிக்கை பார்க்கலாம், தன் கட்சியோடு பேசலாம். அண்ணனோ தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அந்தச் சாய்வை ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறேன். இத்தனை நாளும் படத்தோடு சேர்ந்து சத்தமும் விக்கி விக்கித்தான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குத்தான் முழுசாக வருகிறது. ஏழு டாங்கி, ஏழு இன்ஜின்.

"பாப்பா, அந்த உடைஞ்ச வீட்டுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான்."

"யாரும் தெரியலையேப்பா."

"நிக்கிறான். இன்ஜின் இழுக்குது, அடிபட்டிருக்கான். ஓட மாட்டான். போய்ப் போடு."

போட்டாள்.

"பாலத்துப் பக்கம் ரெண்டு பேரு. ஒருத்தன் ஆஃப் பண்ணிட்டு ஒளிஞ்சிருக்கான், இப்பத்தான் நின்னுச்சு அவன் வண்டி. மத்தவன் உன்னைத் தேடி மேல ஏறுறான்."

ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அண்ணன் முப்பதே விநாடியில் அவுட், அதிலும் ஜெயித்தார்கள். மூன்றாவதில் அவருக்கு ரோஷம் வந்து, கொஞ்சம் உயிரோடு இருந்து பார்ப்போமே என்று ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினார். சொந்த டாங்கிச் சத்தத்தில் மற்ற இன்ஜின்கள் அவருக்குக் கேட்கவில்லை. ஹெட்போனைக் கிழித்துக்கொண்டு மகள் குரல் வந்தது:

"அப்பா! சீக்கிரம் சாவுங்கப்பா!"

அண்ணி கரண்டியைக் கீழே போட்டார். "பெத்த அப்பனைப் பாத்துப் பேசுற பேச்சாடி இது?"

அண்ணன் நடு மைதானத்துக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்று, செத்தார். அன்றைக்குப் பதினாறு கட்சியில் இவர்கள் கட்சி இரண்டாவது. முடிந்ததும் மகள் சொன்னாள்: "அடுத்த போட்டிக்கும் நீங்கதாம்ப்பா. செத்தப்புறம்தான் நீங்க நல்லா ஆடுறீங்க." அண்ணன் சிரித்த சிரிப்பில், நகர்த்திவைத்த ஃப்ரிட்ஜ் தானாகவே பழைய இடத்துக்குப் போய்விட்டது.

இப்படி நான் முடித்ததுதான் தாமதம், மச்சினர் அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது போங்காட்டம்! செத்தவன் எதுக்குப் பேசறான்? செத்தா வாயை மூடிட்டு இருக்கணும்!"

"ரூல்லயே பேசலாம்னு இருக்கு," என்றார் டீச்சர். "வேணும்னா நீங்களும் செத்துட்டுப் பேசுங்க."

"நான் ஏன் சாகணும்? எனக்குச் சுடத் தெரியும்! எழுபது படம் ஓடியும் புல்லைப் பாத்துட்டிருந்தவருக்கு இடம், எனக்கு இல்லையா?"

"இருங்க, இருங்க," என்று ஓனரம்மா கையைக் காட்டினார். "நீ தெனமும் அந்த வீட்டுக்குப் போறவன். எலக்ட்ரீஷியன் வேற. உங்கத்தான் வயரைப் பிடுங்கிட்டு ஆடறதை ஒருநாள்கூட நீ பாக்கலையா?"

மச்சினர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"பாத்தேன்."

"அதனாலதான் படம் ஓடலேன்னு தெரியாதா?"

"அவரு என்னைக் கேட்டாரா? பல்பு மாட்டுற வேலையைப் பாருன்னாரு. பாத்தேன்."

"அடப்பாவி!" டீச்சரும் எழுந்துவிட்டார். "நாலு நாளா நான் அந்த லேப்டாப்பை முன்னூறு தரம் கழட்டி மாட்டினேன்! ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சுடுமா?"

"மூணு தரம்தான் கழட்டினீங்க. முன்னூறு இவன் கைச்சரக்கு!"

"அவன் முன்னூறுன்னு சொல்லவே இல்ல, நான்தான் சொன்னேன்!"

"எங்கக்கா பொண்ணு அடுத்த போட்டிக்கு அஞ்சாவது ஆளா என்னைச் சேத்துக்கறேன்னு சொல்லியிருக்கா, தெரியுமா?"

"நாலு டாங்கி ஆட்டத்துல அஞ்சாவது ஆளு எதுக்கு, ஹாரன் அடிக்கவா?"

"வார்த்தையை அளந்து பேசுங்க டீச்சர்!"

ஒருவர் வந்து கவுண்டரில் விரலால் தட்டி, ஃபியூஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

"கொஞ்சம் இருப்பா, சண்டை நடந்துட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, ஓனரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்தார்.